டெக்சாஸில் குளிர், எங்கட பட்டியிலும் குளிர்

சீட்டுக் குலுக்கித்தான் எங்களுக்கு அசைன்மென்ட் தலைப்புத் தந்தார்கள். புவியியல், இரண்டாம் வருடம், அனர்த்த முகாமைத்துவப் பாடம். பக்கத்துக் குழுவுக்கு வெள்ளம் விழுந்தது. அடுத்த குழுவுக்கு வரட்சி. இரண்டுக்கும் ஊரிலேயே நாலு பேரைப் பிடித்துக் கதை கேட்டு எழுதிவிடலாம். எங்கட சீட்டைப் பிரித்தால், 'கடுங்குளிர்காலமும் மாநில அளவிலான அவசரகாலத் தயார்நிலையும்' என்று இருக்கிறது. பட்ச் முழுக்கச் சிரித்தது. “மூண்டு பேரிட்டயும் சுவெட்டர் இருக்கோ?” என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்.

நாங்கள் மூன்று பேரும் கம்பசுக்குப் பக்கத்தில் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறோம். ஒருத்தி வடமராட்சி, ஒருத்தி முல்லைத்தீவு, ஒருத்தி நுவரெலியா. அறைக்குள்ளே ஒருவரையொருவர் ஊர்ப்பெயரில்தான் கூப்பிடுவோம். சுவெட்டர் உண்மையில் நுவரெலியாவிடம் மட்டும்தான் இருந்தது. அதையும் அவள் யாழ்ப்பாணம் வந்த நாளிலிருந்து பெட்டியை விட்டு வெளியே எடுக்கவில்லை.

எந்த இடத்தை எடுப்பது என்று இரண்டு நாள் கதைத்தோம். கனடா, நோர்வே என்று பார்த்தால் அவர்களுக்குப் பனி பழக்கப்பட்ட ஒன்று. அப்படியிருக்கத்தான் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் கண்ணில் பட்டது. டெக்சாஸ் என்றால் வெயில், மாடு, எண்ணெய்க் கிணறு. அங்கே 2021 பெப்ரவரியில் ஒரு குளிர்ப்புயல் வந்து, அரசாங்கக் கணக்குப்படியே 246 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களைக் கொன்றது குளிர்தான். வெயில் ஊரில் குளிரில் சாவதா? அதையே எடுப்போம் என்று முடிவு செய்தோம்.

வாசிக்க வாசிக்க முதலில் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது, எச்சரிக்கை விஷயத்தில் அங்கே குறை இருந்ததாகத் தெரியவில்லை என்பதுதான். பெப்ரவரி 12ஆம் திகதியே மாநில ஆளுநர் அங்குள்ள 254 மாவட்டங்களுக்கும் அனர்த்த நிலையைப் பிரகடனம் செய்துவிட்டார். வானிலைச் சேவையும் 254 மாவட்டங்களுக்கும் குளிர்ப்புயல் எச்சரிக்கை கொடுத்தது. ஒரு மாவட்டம்கூட மிச்சமில்லை. ‘மாநில அளவிலான தயார்நிலை’ என்ற எங்கட தலைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்றுகூட நினைத்தோம்.

அதற்கு மூன்று நாள் கழித்து, 15ஆம் திகதி விடியப்புறம் கரண்ட் போகத் தொடங்கியது. குளிருக்கு எல்லாரும் ஹீட்டரைப் போட, மின்சாரத் தேவை ஏறுகிறது. அதே நேரம் குளிரில் மின்நிலையங்களின் குழாய்களும் கருவிகளும் உறைகின்றன. எரிவாயுக் கிணறுகளும் உறைகின்றன. தேவை ஏற ஏற உற்பத்தி விழுகிறது. மின்வலையமைப்பை நடத்தும் எர்கொட் என்ற அமைப்பு பகுதி பகுதியாகக் கரண்டை வெட்டியது. அன்றைக்கு முழு வலையமைப்பும் விழுவதற்கு 4 நிமிடம் 37 செக்கன்தான் மிச்சம் இருந்ததாம். விழுந்திருந்தால் திரும்ப எழுப்பக் கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஆகியிருக்கலாம் என்று சொன்னார்கள். 45 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் கிடந்தன. சில இடங்களில் நாட்கணக்காக. 16ஆம் திகதி டலஸ் நகரில் வெப்பநிலை மறை 19 பாகை செல்சியசுக்குப் போனது.

2022இல் 13 மணித்தியாலக் கரண்ட் கட்டுக்குள் மெழுகுதிரியில் படித்த எங்களுக்கு, கரண்ட் இல்லாமல் செத்துப்போவது என்பது முதலில் பிடிபடவில்லை. பிறகுதான் விளங்கியது. அந்த வீடுகள் வெயிலுக்கென்று கட்டப்பட்டவை. தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. சூடு வேண்டி வீட்டுக்குள்ளே கரி அடுப்பு மூட்டியவர்களும், கராஜைப் பூட்டிக்கொண்டு காரை ஸ்டார்ட் பண்ணி உள்ளே இருந்தவர்களும் உண்டு. காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. அப்படியும் ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

இரண்டு விஷயங்களை நாங்கள் சிவப்புப் பேனையால் கோடு போட்டு வைத்தோம். ஒன்று: 2011 பெப்ரவரியிலும் அதே டெக்சாஸில் குளிர் வந்து, அப்போதும் மின்நிலையங்கள் உறைந்து, கரண்ட் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த வருடமே மத்திய அரசின் ஒழுங்குமுறை அமைப்பு விசாரித்து, நிலையங்களைக் குளிருக்குத் தயார்படுத்தும்படி அறிக்கை கொடுத்தது. ஆனால் அதைச் செய்துதான் ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பத்து வருடம் கழித்து, 246 சாவுக்குப் பிறகுதான் சட்டம் வந்தது.

இரண்டாவது இன்னும் சின்ன விஷயம். கரண்ட் வெட்டும்போது ஆஸ்பத்திரி போன்ற முக்கியமான இடங்களை வெட்டாமல் விட ஒரு பட்டியல் இருக்கும். மின்நிலையங்களுக்கு வாயு அனுப்பும் பல இடங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. படிவம் நிரப்பிக் கொடுக்கவில்லை. அதனால் அவற்றுக்கும் கரண்ட் வெட்டப்பட்டது. வாயு வராமல் மின்நிலையம் நின்றது. மின்நிலையம் நிற்க இன்னும் கரண்ட் போனது.

“படிவம் குடுக்காததாலயா?” என்று நுவரெலியா இரண்டு தரம் கேட்டாள்.

முல்லைத்தீவு ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு இரவு லைட்டை அணைத்த பிறகு, இருட்டுக்குள் இருந்து சொன்னாள்: “எங்கட மாடுகளும் குளிரிலதான் செத்தது.”

எங்களுக்குத் தெரியாத கதை இல்லை. 2022 டிசம்பர், மாண்டஸ் புயல். வங்காள விரிகுடாவில் உருவாகி, எங்களைத் தொடாமலே மேலே போய், 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்குக் கிட்டக் கரை ஏறியது. அந்த நாட்களில் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. முல்லைத்தீவு, கிளிநொச்சி, திருகோணமலை, மட்டக்களப்பு என்று எல்லா இடமும். ஏதாவது நோயோ என்று முதலில் பயந்து, இறைச்சி கொண்டுபோவதைக்கூடத் தடுத்தார்கள். பிறகு பரிசோதித்துப் பார்த்துவிட்டு, குளிர்தான் காரணம் என்று சொன்னார்கள். பேஸ்புக்கில் படங்கள் வந்தன. நாங்களும் பார்த்தோம். சோகமான ஸ்மைலி ஒன்றைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கியிருப்போம். அந்த வருட உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரிக்குத் தள்ளிப் போயிருந்ததால் மூன்று பேரும் மூன்று ஊரில் பாஸ்ட் பேப்பர் செய்துகொண்டிருந்த நேரம் அது.

முல்லைத்தீவின் வீட்டில் அப்போது இருபத்தொரு மாடு. அந்த இரண்டு நாளில் ஒன்பது போனது. இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தும் அதை அவள் எங்களிடம் சொன்னதில்லை. “என்னத்தைச் சொல்லுறது? ஆக்கள் செத்த வீடுகள் இருக்கேக்க மாட்டுக்கு அழுறதெண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது” என்றாள்.

ஓகஸ்ட் விடுமுறையில் மூன்று பேரும் அவளுடைய வீட்டுக்குப் போனோம். அசைன்மென்டுக்கு என்று சொல்லித்தான் போனோம். அப்பா பட்டியைக் காட்டினார். பட்டி என்றால் கொட்டில் இல்லை. முள்ளுக்கம்பியும் பச்சைத் தடிகளும் வைத்து அடைத்த ஒரு வெளி. மேலே கூரை இல்லை. வன்னியில் கனபேருடைய பட்டி அப்படித்தான். காலபோகத்துக்கு வயல் விதைத்தவுடன் மாடுகளை ஊருக்குள்ளே விடமுடியாது. காட்டுக்கரைக்குச் சாய்த்துக்கொண்டு போகவேண்டும். மேய்ச்சல் தரையாக முன்பு கிடந்த இடங்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே போகின்றன. ஆக, மழையும் காற்றும் கூடிய மாரி மாதங்களில்தான் மாடு வீட்டை விட்டுத் தூரத்தில், வெறும் வெளியில், அரைவயிற்றோடு நிற்கிறது.

“பிள்ளையள், வெள்ளமெண்டால் எங்களுக்குத் தெரியும்” என்றார் அப்பா. “மாட்டை மேட்டுக்கு ஏத்துவம். புயலெண்டாலும் தெரியும். மரத்துக்குக் கீழ கட்டாமல் அவிட்டு விடுவம். இது ரெண்டும் இல்லை. தூத்தல் மழை, விடாத வாடைக் காத்து. எனக்கே கை விறைச்சுது. ஆனா மாடு குளிரில சாகுமெண்டு ஆர் கண்டது? விடியப் போனால், கண்டுகள் படுத்தபடி கிடக்குது. தாய்மாடு நிண்டு கொடுகுது. ஒண்டை எழுப்ப மற்றது விழுது.”

அந்தக் கிழமை ரேடியோவில் அவர் காதுக்கு வந்து சேர்ந்தது, கடலுக்குப் போகவேண்டாம் என்பதும் மழை பெய்யும் என்பதும்தான். அவர் கடலுக்குப் போகிறவர் இல்லை. மழை அவருக்குப் புதிதும் இல்லை. அதனால் அது வேறு யாருக்கோ சொல்லப்பட்டது என்று நினைத்தார். 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். அதுவும் குளிருக்கு இல்லை, காற்று மாசுக்கு.

நுவரெலியா பட்டியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: “அப்பா, அன்னைக்கு பனி பெய்ஞ்சதா?”

“இல்லை பிள்ளை. தண்ணி உறையிற குளிரெல்லாம் இல்லை.”

“எங்க ஊருல ஜனவரியில புல்லு மேல வெள்ளையா உறைபனி கிடக்கும். தேயிலைக் கொழுந்து கருகும். ஆனா மாடு சாகாது. லயத்துக்குப் பின்னால கொட்டில் இருக்கு. நாலு பக்கமும் தகரமோ பலகையோ அடிச்சிருப்பாங்க. மாடும் வேற சாதி, குளிருக்குப் பழகினது. புல்லு அறுத்து உள்ளுக்கே போட்டுருவோம்.”

அவள் இதைச் சொன்னபோது எங்களுக்கு டெக்சாஸ் இன்னும் நன்றாக விளங்கியது. டலஸில் வந்த குளிர் கனடா எல்லைப் பக்கம் ஒவ்வொரு ஜனவரியும் வருகிற குளிர்தான். முல்லைத்தீவில் மாட்டைக் கொன்ற குளிர் நுவரெலியாவில் ஒரு சாதாரண இரவு. வெப்பமானியைப் பார்த்து இது அனர்த்தம், இது இல்லை என்று சொல்ல முடியாது. அந்தக் குளிர் எந்தச் சுவரில், எந்த உடம்பில் போய்ப் படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

திரும்பி வந்து வாசித்தபோது அப்பா சொன்னதற்குக் காரணமும் கிடைத்தது. மாட்டின் உரோமம் காய்ந்திருந்தால் அதற்குள்ளே நிற்கும் காற்று குளிரைத் தடுக்கும். நனைந்தால் அது போய்விடும். நனைந்த உடம்பில் காற்று படப்படச் சூடு இறங்கும். மாடு தின்ற வைக்கோல் வயிற்றுக்குள்ளே புளித்துச் செரிக்கும்போது சூடு உண்டாகிறது. வயிறு காய்ந்தால் அந்த அடுப்பும் அணைந்துவிடும். கன்றுகளும், கிழட்டு மாடுகளும், மெலிந்தவையும் முதலில் விழுவது அதனால்தான். மழை, காற்று, பசி மூன்றும் சேர்ந்தால் தண்ணீர் உறையத் தேவையில்லை.

பிறகு கணக்கெடுக்க வந்தார்கள். வந்தவர்களைக் குறை சொல்ல அப்பா விரும்பவில்லை. எத்தனை என்று கேட்டார்கள், படம் இருக்கா என்று கேட்டார்கள், காதில் நம்பர் குத்தின மாடா என்று கேட்டார்கள். ஒன்பதில் இரண்டுக்குத்தான் காதில் நம்பர் இருந்தது. மற்றவற்றை நாற்றம் எடுக்கமுதல் அயலட்டையோடு சேர்ந்து தாட்டாகிவிட்டது. போனில் சார்ஜ் இல்லை, படமும் இல்லை. பதிவில் இல்லாத மாடு சாகவும் இல்லை என்றுதான் ஆகிறது. படிவம் கொடுக்காத டெக்சாஸ் வாயு நிலையத்தை நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நினைத்தோம். ஒருவரையொருவர் பார்த்தோம். ஒன்றும் சொல்லவில்லை.

மனிதச் சாவையும் மாட்டுச் சாவையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் பட்டிதான் வங்கி. டியூசன் காசு, பஸ் காசு, பரீட்சை நேரத்துப் பால்மா எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. ஒன்பது மாடு போனதும் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. இன்னும் திரும்பி வரவில்லை. “நான் கம்பசுக்கு வந்தது அந்தச் சங்கிலியிலதான்” என்று முல்லைத்தீவு பஸ்ஸில் வரும்போது சொன்னாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பிரசன்டேசன் நாளில் டெக்சாஸுக்குப் பதினைந்து ஸ்லைட், முல்லைத்தீவுக்கு மூன்று ஸ்லைட் வைத்தோம். முடிந்ததும் மிஸ் ஒரு கேள்வி கேட்டார்: “எங்கட நாட்டில 2005ஆம் ஆண்டு 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கு, நிலையம் இருக்கு, 117 இலக்கம் இருக்கு. நீங்கள் என்ன புதுசா சொல்லப் போறீங்கள்?”

நாங்கள் தயாராக இருக்கவில்லை. வடமராட்சிதான் எழும்பிச் சொன்னாள். “மிஸ், 117க்கு அடிக்கிறது நடந்த பிறகு. அதுக்கு முதல் நாள், இந்த ஊரில இந்தக் காத்துக்கு ஆருக்கு என்ன நடக்கும் எண்டு ஆராவது எழுதி வச்சிருக்க வேணும். மழை 100 மில்லிமீற்றர் எண்டு சொன்னால் எங்கட அம்மாக்கு ஒண்டும் விளங்காது. கண்டுகளைக் காத்துப்படாத பக்கம் கட்டுங்கோ, ராவைக்கு வைக்கோல் போடுங்கோ எண்டு சொன்னால் விளங்கும்.”

மிஸ் அதை எழுதிக்கொண்டார். எங்களுக்கு 71 புள்ளி. வெள்ளக் குழுவுக்கு 78.

அன்றைக்கு இரவு நுவரெலியா வேறொன்றைச் சொன்னாள். அவர்களுடைய தோட்டத்தில் குளிருக்கு யாரும் பயப்படுவதில்லை. பயம் மழைக்குத்தான். மண்சரிவு எச்சரிக்கை வரும், வெளியேறுங்கள் என்று சொல்வார்கள், லயத்துச் சனம் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் படுத்துவிட்டு மழை விட்டதும் திரும்பி அதே லயத்துக்குத்தான் வரும். வேறு எங்கே போவது? “எச்சரிக்கை சரியாத்தான் வருது. போறதுக்கு இடம்தான் இல்ல” என்றாள். எங்கட மூன்று ஊருக்கும் மூன்று பயம். கொழும்பிலிருந்து வருகிற அறிவித்தல் ஒன்றுதான். அதை மூன்று ஊர்ப் பேச்சுக்கும் மாற்ற யாரோ வேண்டும்.

முல்லைத்தீவு அந்த வேலையை முதல் வருடமே தொடங்கிவிட்டாள் என்பதைப் பிறகுதான் கவனித்தோம். 2024 நவம்பர் கடைசியில் பெங்கால் புயல் நேரம், உயர்தரப் பரீட்சையையே நிறுத்திவைத்த அந்த நாட்களில், அவள் இரவிரவாகப் போனும் கையுமாக இருந்தாள். ஆரோ போய்பிரண்டாக்கும் என்று நாங்கள் பகிடி பண்ணினோம். அப்பாவோடு கதைத்திருக்கிறாள். காற்று எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, குளிர் இறங்குமா என்று போனில் பார்த்துப் பார்த்து அவருக்குச் சொல்லியிருக்கிறாள். அந்த முறை மாடு ஒன்றும் சாகவில்லை. அது அவள் சொன்னதாலா, அந்த முறை குளிர் அப்படி இல்லாததாலா என்று தெரியாது. அவளும் அதற்குப் பெருமை பேசுவதில்லை.

இதை எழுதுவது 2025 ஒக்டோபரில். வெள்ளையும் நீலமுமாக வெயில் அடிக்கிறது. இன்னும் சில கிழமையில் மாரி. போன சனிக்கிழமை மூன்று பேரும் திரும்ப முல்லைத்தீவுக்குப் போனோம். இந்த முறை அசைன்மென்ட் ஒன்றும் இல்லை. பட்டியின் வாடைப்பக்கம் தடி நட்டு, உரப்பைகளைத் தைத்து, மேலே தரப்பாள் கட்டினோம். முழுக்கக் கூரை போடக் காசு காணாது. கன்றுகளும் கிழட்டு மாடுகளும் நிற்கிற அளவுக்கு ஒரு மூலை. தரையில் மண் போட்டு ஒரு சாண் உயர்த்தினோம். வைக்கோலை நனையாமல் பரணில் ஏற்றினோம். நாலு பக்கமும் மூடுவோமா என்று வடமராட்சி கேட்க, “ஒரு பக்கம் திறந்து கிடக்கட்டும் பிள்ளை, மூட்டம் போட்டால் புகை போக வேணும்” என்றார் அப்பா. கராஜுக்குள் காரை ஸ்டார்ட் பண்ணின ஆட்களின் கதையை நாங்கள் அவருக்குச் சொன்னோம். “பாவங்கள்” என்று மட்டும் சொன்னார்.

அப்பா இந்த வருடம் மிச்ச மாடுகளின் காதிலும் நம்பர் குத்திவிட்டார். பக்கத்துப் பட்டிக்காரர் மூன்று பேரின் போன் நம்பரையும் சேர்த்து முல்லைத்தீவு ஒரு வட்ஸ்அப் குறூப் தொடங்கியிருக்கிறாள். அதில் காலை வணக்கம் படங்கள்தான் இப்போதைக்கு வருகின்றன. ஒரு தரப்பாளாலும் ஒரு குறூப்பாலும் மாவட்டம் முழுவதையும் காப்பாற்ற முடியாது என்று எங்களுக்குத் தெரியும். மேய்ச்சல் தரையும் கொட்டிலும் பதிவும் அரசாங்கம் செய்யவேண்டிய வேலை. அதைக் கேட்டுக்கொண்டும் இருக்கவேண்டும். டெக்சாஸில் 2011 அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே பத்து வருடம் போனது. எங்களுக்கு 2022 முடிந்து மூன்று வருடம்.

இதை வாசிக்கிறவர்களில் கனபேர் வீட்டை விட்டு வெளியே நின்று படிக்கிறவர்கள் என்று நினைக்கிறோம். இந்தக் கிழமை வீட்டுக்குப் போன் எடுத்தால் ஒன்றைக் கேளுங்கோ: போன மாரிகளில் எங்கட வீட்டில் எது முதலில் விழுந்தது? கூரையா, கிணறா, மாடா, அம்மம்மாவின் நெஞ்சா? பதிலை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ.

நேற்று அப்பா போன் எடுத்தார். காற்று இன்னும் திரும்பவில்லையாம். தரப்பாளின் ஒரு மூலையை நாம்பன் ஒன்று கடித்துவிட்டதாம். சனிக்கிழமை ஊசியும் நூலும் கொண்டு வரச் சொன்னார்.